சூடேறும் குழாய்க்கு நகர இடம் கொடுங்கள்: வெல்டிங் கேள்வி-பதில்

இன்ஜின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தாமே வெட்டிப் பற்றவைக்க முனைந்திருக்கும் வாசகர்கள் பலர் அண்மையில் எழுதியிருந்தார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் இருக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, குழாயில் நானே ஒன்று செய்ய எண்ணியிருக்கிறேன். புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால்தான் நிலைக்கும் என்கிறார்கள் நண்பர்கள்; மைல்டு ஸ்டீலே போதும் என்கிறார் பட்டறைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பட்டறைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் முதல் மேனிஃபோல்டு இதுவென்றால், 2 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட சுவர்க்கனம் உள்ள மைல்டு ஸ்டீல் குழாயில் செய்யுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் நிறைகளை நான் மறுக்கவில்லை. மைல்டு ஸ்டீல் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வேகமாகச் செதில் விடத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய கருந்தோல் உருவாகி உரிந்து விழும். அந்த அளவுக்குக் குழாயின் கனம் குறையும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால், விட்டுவிட்டுச் சூடாகும் வேலையில் 870 டிகிரி வரையிலும் அது செதிலைத் தாங்கும். சூட்டில் வலிமையையும் அதுதான் கூடுதலாக வைத்திருக்கும். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் நண்பர்கள் சொல்வது சரியாகவே தோன்றும்.

ஆனால் அதே உலோகத்துக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. முதலாவது, அது அதிகம் நீளும். ஒரு மீட்டர் மைல்டு ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீள்கிறது என்றால், 304 ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நீள்கிறது. இரண்டாவது, அது வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. மைல்டு ஸ்டீல் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். பற்றவைக்கும்போது சூடு பரவாமல் ஓரிடத்திலேயே தேங்கி நிற்க, அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, ஆறும்போது அவ்வளவும் சுருங்கிக் குழாயை இழுத்துக் கோணலாக்கிவிடும். மைல்டு ஸ்டீலில் கைபழகியவர் அதே வேகத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைத்துவிட்டு, நேராக நின்ற கிளைக்குழாய் ஏன் இப்படித் திரும்பிக்கொண்டது என்று திகைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவற்றோடு, குழாயின் உள்பக்கத்தையும் காற்று படாமல் ஆர்கான் வாயுவால் காக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டர்போ இல்லாத இன்ஜினில், போதிய கனமுள்ள மைல்டு ஸ்டீல் மேனிஃபோல்டு ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். வெளிப்புறத் துருவுக்கு உயர்வெப்பப் பெயின்ட் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், வாங்கும் குழாயின் வகையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கைப்பிடி, நாற்காலி, கதவு செய்ய விற்கப்படும் பளபளப்பான குழாய் பல நேரம் 201 வகையாக இருக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்தது அது. காந்தம் 304-இலும் ஒட்டாது, 201-இலும் ஒட்டாது என்பதால் காந்தத்தை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. 409 போன்ற, குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே உள்ள வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். அதுவும் எக்ஸாஸ்டுக்கு உகந்த உலோகந்தான். வாகனத் தொழிற்சாலைகள் சைலன்சர் பகுதிக்குப் பெருமளவில் அதைப் பயன்படுத்துகின்றன. எனவே காந்தம் ஒட்டுகிறது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழாயின் மேல் அச்சிட்ட வகை எண்ணையும் விற்பவர் தரும் சான்றையும் பாருங்கள்.

கேள்வி: 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.6 மி.மீ. கனமுள்ள குழாயில் டர்போ மேனிஃபோல்டு செய்தேன். பற்று பார்ப்பதற்கு அழகாக இருந்தது. மூன்று மாதத்தில், கிளைக்குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டருக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. மீண்டும் பற்றவைத்தேன், இரண்டே வாரத்தில், பற்றுக்கு ஒட்டினாற்போல் பக்கத்திலேயே மறுபடியும் விட்டது. நான் பயன்படுத்தும் நிரப்புக் கம்பி தவறானதா?

பதில்: 304-க்கு 308எல் கம்பி சரியான கம்பிதான். நீங்களும் அதையே பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே கம்பியில் தவறில்லை. விரிசல் பற்றின் நடுவில் வராமல் அதன் ஓரத்தில் வந்திருப்பதே, பற்று வலுவாகத்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த மேனிஃபோல்டு நகர வேண்டும். நகர அதற்கு இடமில்லை. அதனால் தன்னிடமுள்ள மிக மெலிந்த, மிகச் சூடான இடத்தில் அது கிழிந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்டில் போல்ட் போட்டுப் பொருத்தும் தகடான ஃபிளாஞ்சிலிருந்து கலெக்டர் வரை ஒரு கிளைக்குழாயின் நீளம் 400 மி.மீ. என்றும், அது நின்ற நிலையிலிருந்து 600 டிகிரி சூடேறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மைல்டு ஸ்டீலாக இருந்தால் அது ஏறத்தாழ 2.9 மி.மீ. நீளும், 304 என்றால் 4 மி.மீ.க்குச் சற்று மேல். உயர்வெப்பத்தில் இந்த எண்கள் இன்னும் கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது. நான்கு கிளைக்குழாய்களும் ஒரே நீளமல்ல, ஒரே சூடுமல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு நீள விரும்புகிறது. ஒரு முனையில் தண்ணீரால் குளிர்விக்கப்படும் சிலிண்டர் ஹெட் அவற்றைப் பிடித்திருக்கிறது. மறுமுனையில் கலெக்டர் நான்கையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. டர்போ பெட்ரோல் இன்ஜினில், முழுச்சுமையில் புகையின் வெப்பம் 900 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் மென்மையாகிவிட்ட உலோகம் நசுங்குகிறது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டதும் அதே இடம் இழுபடுகிறது. இந்த நசுங்கலும் இழுபடலும் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை நடந்தால், மூன்று மாதம் என்பது நீண்ட காலந்தான்.

இதற்கு மேல், டர்போவின் எடை முழுவதையும் அந்த 1.6 மி.மீ. குழாய்களே தாங்குகின்றன என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். பல கிலோ எடையுள்ள ஒரு பொருள் குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டு, இன்ஜின் அதிரும்போதெல்லாம் அதையும் அதிரவைக்கிறது. டர்போவுக்குத் தனியாக ஒரு தாங்கி கட்டாயம் வேண்டும். தாங்கியின் மறுமுனை இன்ஜின் பிளாக்கிலோ ஹெட்டிலோ பொருத்தப்பட வேண்டுமே தவிர, வண்டியின் உடற்சட்டத்தில் அல்ல. இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும்போது சட்டம் ஆடாது, அந்த இழுப்பு முழுவதும் மேனிஃபோல்டில்தான் விழும். தாங்கி கனத்த தகடாக இருந்து குழாய் நீள்வதைத் தடுத்தால் அதுவே புதிய விரிசலுக்குக் காரணமாகும் என்பதால், இரு முனையிலும் பந்து மூட்டுள்ள தண்டாக வைப்பதே நல்லது. எடையைத் தாங்கிக்கொண்டே நீட்சிக்கு அது வழிவிடும்.

டர்போ மேனிஃபோல்டுக்கு 1.6 மி.மீ. குழாயை நான் பரிந்துரைப்பதில்லை. நீராவிக் குழாய் வேலைக்கென்று வரும் கனத்த முழங்கைகளே இதற்கு ஏற்றவை. சுவர்க்கனத்தைக் குறிக்கும் ஷெட்யூல் எண்ணில், ஷெட்யூல் 10 வகையில் 42.2 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய்க்குச் சுவர்க்கனம் 2.77 மி.மீ.; ஷெட்யூல் 40 என்றால் 3.56 மி.மீ. மைல்டு ஸ்டீலில் செய்பவர்கள் செதிலுக்கு இழப்பதையும் கணக்கில் கொண்டு 40-ஐ எடுக்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 10 போதும். மெல்லிய குழாயே வேண்டுமென்றால், ஒவ்வொரு கிளைக்குழாயும் கலெக்டரில் செருகி நிற்கும் வழுக்கு மூட்டாக வைத்து, ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பந்தய வண்டிகளின் டர்போ இல்லாத ஹெடர்களில் (குழாயால் செய்த மேனிஃபோல்டுகளில்) இந்த முறை நெடுங்காலமாக இருக்கிறது. செருகிய இடத்தில் சிறிது புகை கசியும் என்பதால் டர்போவுக்கு முன்னால் அது அவ்வளவாகப் பொருந்தாது.

இப்போது அந்த விரிசலுக்கு வருவோம். மேலேயே மறுபடி பற்று ஓட்டினால் நிற்காது. விரிசலின் இரு நுனிகளையும் கண்டுபிடியுங்கள்; கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு அது முடிவதில்லை, ஊடுருவும் சாயம் பூசிப் பார்த்தால் இன்னும் சில மில்லிமீட்டர் ஓடியிருப்பது தெரியும். நுனிகளில் 2 அல்லது 3 மி.மீ. துளையிட்டு, விரிசல் முழுவதையும் வெட்டுவாய் போலக் குடைந்தெடுத்து, உள்ளே படிந்த கரியை வெள்ளை உலோகம் தெரியும் வரை துடைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். ஓடிய எக்ஸாஸ்டின் உட்புறக் கரி பற்றில் கலந்தால் உலோகம் முறுகிப்போகும். உங்கள் மேனிஃபோல்டில் ஒரே இடம் இரண்டு முறை விட்டுவிட்டதால், அந்தப் பகுதியை ஒட்டுமொத்தமாக வெட்டியெடுத்துவிட்டுக் கனமான குழாய்த் துண்டை வைப்பதே என் தெரிவாக இருக்கும்.

வெட்டியெடுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள். அதை நீளவாக்கில் அறுத்து, பற்றின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பற்று மென்மையாக, வெள்ளியாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கருத்த, பொரிந்த, எரிந்த சர்க்கரை போன்ற முண்டுகள் இருந்தால், உங்கள் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். அந்த முண்டுகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் உலோகத்தில் கீறிவைத்த கோடு போன்றது. இழுப்பு வந்ததும் கிழிசல் அந்தக் கோட்டையே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: உள்பக்கம் ஆர்கான் விடுவது உண்மையிலேயே அவசியமா? இரண்டாவது வாயு சிலிண்டர் வாங்க வேண்டியிருக்குமே என்று தயங்குகிறேன்.

பதில்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அவசியம், மைல்டு ஸ்டீலுக்கு வேண்டாம். மேலே சொன்ன எரிந்த சர்க்கரை போன்ற முண்டுகள், உள்பக்கம் சூட்டில் காற்று படுவதால்தான் உண்டாகின்றன. இரண்டாவது சிலிண்டர் தேவையில்லை. ஒரே சிலிண்டரிலிருந்து இரு வழியாகப் பிரிக்கும் இரட்டை அளவி ஒன்று வாங்கிக்கொண்டால் டிக் (TIG) வெல்டிங் டார்ச்சுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று விடலாம். டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். குழாயின் உள்ளே, காற்று வெளியேறி முடிந்த பிறகு, 3 முதல் 6 லிட்டர் போதும்.

குழாயின் முனைகளை அலுமினியத் தாளாலும் வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவாலும் மூடி, ஆர்கானைத் தாழ்ந்த முனையிலிருந்து விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிக் காற்றை மேலே தள்ளும். உயர்ந்த முனையில் 3 மி.மீ. அளவில் ஒரு துளை விட்டுவைக்க வேண்டும். இந்தத் துளையை மறந்தவர்களுக்கு நேர்வது இதுதான்: பற்று சுற்றிவந்து கடைசிச் சில மில்லிமீட்டரை மூடப்போகும் நேரத்தில், உள்ளே சேர்ந்த அழுத்தம் உருகிய உலோகத்தை வெளியே ஊதித் தள்ளிவிடும். அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்த பற்றில் கடைசியில் ஒரு ஓட்டை விழும். குழாயின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு வாயு ஓடும் வரை பொறுத்திருந்து, பிறகே ஆர்க்கைத் தொடுங்கள். மூட்டில் இடைவெளி இருந்தால் அதன் வழியாக வாயு வெளியேறிக் காற்று உள்ளே புகும். எனவே துண்டுகள் வெளிச்சம் ஊடுருவாத அளவுக்கு நெருங்கிப் பொருந்த வேண்டும். வெட்டிய விளிம்பை அரத்தால் சரிசெய்ய நீங்கள் செலவிடும் நேரம், டார்ச்சைப் பிடிக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் வேலை சரியாகப் போகிறது என்று பொருள்.

உள்பக்கம் பூசும் ஃபிளக்ஸ் பசை ஒன்றும் கிடைக்கிறது. ஆர்கான் விடவே முடியாத இடத்தில் அது உதவும். ஆனால் அது கண்ணாடி போன்ற படலமாக உள்ளே தங்கிவிடும். பிறகு உடைந்து விழும்போது டர்போவின் டர்பைன் இறக்கைகளைத் தாக்கும். டர்போவுக்கு முன்னால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு 50 முதல் 65 ஆம்பியர், நேர்மின்சாரம், டார்ச் எதிர்முனையில், 1.6 மி.மீ. கம்பி என்று தொடங்கலாம். வெளிப்பக்கப் பற்றின் நிறமே உங்கள் ஆசான். வைக்கோல் மஞ்சள் வந்தால் மிக நன்று, நீலமும் ஊதாவும் இந்த வேலைக்கு ஏற்கத்தக்கவை, மங்கிய சாம்பல் நிறம் வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போது ஆம்பியரைக் குறைப்பதைவிட, கையை விரைவாக நகர்த்துவதும், 20 அல்லது 25 மி.மீ. பற்றிவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு மாறுவதும் கூடுதல் பலன் தரும்.

கேள்வி: பற்றவைத்து முடித்த பிறகு என் மேனிஃபோல்டின் ஃபிளாஞ்சு வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. ஹெட்டில் வைத்தால் இரு ஓரங்களிலும் 2 மி.மீ. தூக்கி நிற்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இறுக்கி இழுத்தால் ஸ்டட் முறியும், அல்லது ஹெட்டிலுள்ள மரை பிய்ந்துவரும். இரண்டும் நடக்காவிட்டால் கிளைக்குழாயின் அடியில் விரிசல் விடும்.

பற்று ஆறும்போது தன் பக்கமாக இழுக்கும். எல்லாப் பற்றும் ஃபிளாஞ்சின் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஓரங்கள் குழாய்ப் பக்கமாகத் திரும்புகின்றன. ஃபிளாஞ்சை 10 முதல் 12 மி.மீ. தகட்டில் வெட்டி, பற்றத் தொடங்குவதற்கு முன்பே, ஃபிளாஞ்சைவிடக் கனத்த எஃகுத் தகடு ஒன்றில் எல்லாத் துளைகளிலும் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். பழுதான பழைய சிலிண்டர் ஹெட் கிடைத்தால் துளைகள் அச்சாகப் பொருந்தும். ஆனால் ஓடும் இன்ஜினிலுள்ள நல்ல ஹெட்டில் வைத்து முழுப்பற்றும் போடுவது கூடாது. வண்டியில் வைத்துச் செய்யலாமென்றால் அது டேக் (துண்டுகளை இடத்தில் பிடித்துவைக்கும் சிறு புள்ளிப்பற்று) மட்டுந்தான். அதற்கும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியைப் பற்றப்போகும் துண்டிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குழாய்க்கும் எதிரெதிராக நான்கு டேக் வையுங்கள். பிறகு முதல் குழாயில் கால் சுற்று, நான்காவதில் கால் சுற்று, இரண்டாவதில், மூன்றாவதில் என்று சூட்டைப் பகிர்ந்து கொடுங்கள். முடிந்ததும் போல்ட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே கழற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றியோ காற்றடித்தோ ஆற்றவும் கூடாது. இவ்வளவு செய்தாலும் அரை மில்லிமீட்டர் வளைவு எஞ்சும். அதை மில்லிங் இயந்திரத்திலோ பெல்ட் சாணையிலோ சமன்செய்து கொள்ளலாம். 12 மி.மீ. தகட்டை எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். தேய்த்தெடுக்கக் கையில் கொஞ்சம் உலோகம் இருக்கும்.

உங்களுடையதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. சிலிண்டர் துளைகளுக்கு இடையே ஃபிளாஞ்சைக் குறுக்காக வெட்டித் தனித்தனித் துண்டுகளாக்கிவிட்டால் ஒவ்வொன்றும் தன்னளவில் ஹெட்டில் உட்காரும். எஞ்சும் சிறு வளைவைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். நீளமான ஃபிளாஞ்சு சூட்டில் நீள்வதற்கும் இந்த வெட்டு இடம் தரும் என்பதால், வளையாத ஃபிளாஞ்சிலேயே கடைசி வேலையாக இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்கிறேன். ஓரத்துப் போல்ட் துளைகளை மட்டும் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நீட்டிவிடுவதும் நல்லது.

கேள்வி: என்னிடம் ராடு போட்டுப் பற்றும் ஆர்க் வெல்டிங் இயந்திரம் மட்டுமே இருக்கிறது. இதைக்கொண்டு மேனிஃபோல்டு செய்ய முடியாதா?

பதில்: முடியும். 3 மி.மீ. கனமுள்ள மைல்டு ஸ்டீல் குழாயை எடுத்துக்கொண்டு, 2.5 மி.மீ. ராடால் நிதானமாகச் செய்யுங்கள். 6013 எளிதில் பிடிபடும், 7018 உலர்வாக இருந்தால் பற்று இன்னும் நெகிழ்வுள்ளதாக அமையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் 308எல்-16 ராடு இருக்கிறது, ஆனால் அதன் உட்பக்கத்தை ராடால் காக்க முடியாது.

உங்கள் கவனம் முழுவதும் குழாயின் உள்ளே விழும் கசடின் மேல் இருக்கட்டும். கசடும் தெறித்த உருண்டைகளும் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பலமுறை சூடேறி ஆறிய பிறகு ஒரு நாள் கழன்று ஓடும். டர்போ இல்லாத வண்டியில் அது சைலன்சரில் போய் விழும். டர்போ உள்ள வண்டியில், நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைனில் மோதும். ஆகவே ஒவ்வொரு மூட்டையும் முடித்ததும், அடுத்த துண்டை வைப்பதற்கு முன், கைவிட்டும் கம்பித்தூரிகை விட்டும் உள்ளே சுத்தம் செய்துவிடுங்கள். எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகு வளைவுகளுக்குள் கை எட்டாது.

கேள்வி: ஃபிளாஞ்சு மைல்டு ஸ்டீல், குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கலந்து பற்றலாமா?

பதில்: பற்றலாம். 309எல் கம்பியைப் பயன்படுத்துங்கள். அதில் குரோமியமும் நிக்கலும் கூடுதலாக இருப்பதால், மைல்டு ஸ்டீல் கலந்து நீர்த்த பிறகும் பற்று நொறுங்காத தன்மையோடு நிற்கும். 321 வகைக் குழாய்க்கு 347 கம்பி; 321-இலுள்ள டைட்டேனியம் ஆர்க்கில் எரிந்துவிடும் என்பதால் நையோபியம் சேர்த்த 347-ஐ எடுக்கிறோம். ஒன்றில் தேய்த்த கம்பித்தூரிகையையும் கிரைண்டர் வட்டையும் மற்றதில் பயன்படுத்தாதீர்கள். மைல்டு ஸ்டீல் தூள் ஒட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புள்ளிப்புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கேள்வி: கைவசம் கால்வனைஸ் செய்த தண்ணீர்க் குழாய் நிறைய இருக்கிறது. வளைவுகளும் இருக்கின்றன. மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஆர்க்கின் சூடு அதற்கெல்லாம் வெகு மேலே. அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். வெளிப்பக்கத்தைச் சுரண்டினாலும் உள்பக்கப் பூச்சு அப்படியே இருக்கும். பற்றிலும் துத்தநாகம் கலந்து துளைகளும் விரிசலும் உண்டாகும். போல்ட், நட்டுகளில் மஞ்சளாகப் பளபளக்கும் சில பூச்சுகளில் காட்மியம் இருக்கக்கூடும். அதன் புகை உயிருக்கே ஆபத்தானது. பூச்சுள்ள எதையும் பற்றாதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழாயைத் துடைக்க அசிட்டோன் பயன்படுத்துங்கள், அதுவும் முழுதாக உலர்ந்த பிறகே ஆர்க்கைத் தொடுங்கள். பிரேக் கிளீனர் டப்பாக்களில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. அதன் ஈரமோ ஆவியோ மிச்சமிருக்கும்போது ஆர்க்கின் சூடும் புறஊதா ஒளியும் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். சுவாசித்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றும் புகையில் ஆறிணைதிறன் குரோமியம் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்குவது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ஆம் ஆண்டு வெல்டிங் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையை முகத்துக்கு அப்பால் இழுக்கும் விசிறியும், பொருத்தமான வடிகட்டியுள்ள முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் உட்காராதீர்கள். உள்ளே ஆர்கான் விடுபவர்கள் மூடிய சிறு அறையில் செய்யக்கூடாது. வாசனையற்ற அந்த வாயு தரையோடு தங்கி, சுவாசிக்கும் காற்றை அப்புறப்படுத்திவிடும்.

கேள்வி: மேனிஃபோல்டின் மேல் வெப்பத்துணி சுற்றுவது நல்லதா?

பதில்: இன்ஜின் அறையின் சூடு குறையும், குழாயின் சூடு கூடும். மைல்டு ஸ்டீலில் துணி ஈரத்தையும் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே துருவேற்றும். வீட்டில் செய்த முதல் மேனிஃபோல்டுக்குச் சுற்றாதீர்கள், விரிசல் விட்டால் கண்ணில் படாது. பக்கத்திலுள்ள ஒயர்களைக் காக்க ஒரு தகட்டுத் திரையைச் சிறிது இடைவெளிவிட்டு நிறுத்தினாலே போதும்.

கேள்வி: ஆக்சிஜன் சென்சாருக்கான மரைத்துண்டை எங்கே வைப்பது? வேலை முடிந்ததும் கசிவு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேர்ந்த இடத்தில், கலெக்டருக்குச் சற்றுக் கீழே வையுங்கள். சென்சாரின் நுனி கீழ்நோக்கி இருக்குமாறு, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே சாய்வாக மரைத்துண்டு அமைய வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது உண்டாகும் நீர்த்துளி சென்சாருக்குள் தேங்கி, சூடான பீங்கானை வெடிக்கவைக்கும். மரை பெரும்பாலும் எம்18, 1.5 மி.மீ. புரியிடை. பற்றும்போது பழைய, பயன்படாத சென்சார் ஒன்றை அதில் திருகி வைத்துக்கொண்டால் மரை கோணாது.

கசிவைச் சோதிக்க, ஃபிளாஞ்சின் துளைகளை ரப்பர் தகடு வைத்து ஒரு பலகையால் இறுக்கி மூடிவிட்டு, கலெக்டர் முனையிலிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு, பற்றுகளின் மேல் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள். பெரிய குமிழி உடனே தெரிந்துவிடும். ஊசிமுனைத் துளையில் நுரை மெல்ல, ஒரு வெண்புள்ளியாகத்தான் வளரும். அதற்கு அரை நிமிடம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் அப்படி ஒரு துளை இருந்தாலும், புகையின் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரிபொருள் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். கட்டுப்பாட்டுக் கருவி தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டும். வெளியே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது பயணிகள் அமரும் இடத்துக்குள் வந்துவிடக்கூடும் என்பதால், சிறு கசிவையும் விட்டுவைக்காதீர்கள்.

பொருத்திய பிறகு இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, முற்றிலும் ஆறவிட்டு, நட்டுகளை மறுபடியும் உரிய முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். இரண்டாவது முறை சூடாகி ஆறிய பிறகும் ஒரு தடவை பாருங்கள். புதிய கேஸ்கட் முதல் சில சூட்டில்தான் படியும். அந்த நேரத்திலேயே ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, கலெக்டரின் கவட்டையையும் ஒவ்வொரு பற்றின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். முடியிழை போலக் கருப்பாகக் கரி ஓடிய கோடு தெரிந்தால், வண்டியை எடுக்காமல் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள்.